எண்பத்தொன்பது வயதுவரை

ஸ்டீவன்ஸ் பாயிண்ட், விஸ்கான்சின்
ஏப்ரல் 28

அன்புள்ள லியோனுக்கு,

நீயும் டெனிஸும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மோனிகா நலம். நானும் நலம். அதை நீ நம்ப மறுப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. ஐரீன் நோவாக் மீது நான் பாத்திரத்தை வீசவில்லை. அவள் உன் மனைவிக்குப் போன் செய்து அப்படிச் சொன்னாளாம். நடந்தது இதுதான்: அவள் என் வாசலில் வைத்துவிட்டுப் போன டியூனா மீன் நூடுல்ஸை, மூடியோடு, ஒரு கரண்டிகூட எடுக்காமல், ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்து மேசையில் அவள் முன்னால் வைத்தேன். மூடிமேல் அவள் பெயர் ஒட்டியிருந்தது; எல்லாரும் படித்தார்கள். பாத்திரத்தைக் கழுவிக் காலியாகத் திருப்பித் தருவதுதான் இங்கே மரியாதை என்று எனக்கும் தெரியும். நான் மயங்கி விழுந்த ஒன்பது நாளில் ஆளாளுக்குக் கொண்டுவந்து ஏழு பாத்திரம் சேர்ந்தால் மரியாதை எங்கிருந்து வரும்?

"காத்துல பறந்துடுவ போலிருக்கியே பெர்னிஸ். அலோய்ஸ் கூப்பிட்டாருன்னு உடனே கெளம்பணுமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். "அவரை இன்னும் பதினஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்லு. உசுரோட இருந்தப்ப என்னை எத்தனை தடவை காக்க வச்சாரு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

துக்கத்தில் நான் பட்டினி கிடக்கவில்லை, லியோன். உன் அப்பா அலோய்ஸ் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் அளந்து சாப்பிடுகிறேன். அளவைக் குறைத்துச் சத்தைக் குறைக்காமல் சாப்பிட்டால் உடம்பு மெதுவாகத்தான் மூப்படையும் என்று சொல்கிறார்கள். நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்துவிட்டு டாக்டர் ஹாலோரனிடம் போனேன். என் வயதுக்கு இது நல்லதுதான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிடிவாதமாகக் கேட்டபின், நூற்றுப் பதினைந்து பவுண்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும், மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். இப்போது நூற்றுப் பதினெட்டு. பார்லிக் கஞ்சி, முட்டைக்கோஸ், பீன்ஸ், ஒரு முட்டை, தயிர். மோனிகா வழக்கம்போலத் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறாள். "அம்மாவோட கிண்ணம் பொம்மைக் கிண்ணம்," என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

புனித வெள்ளியன்று கோயிலில் மயங்கி விழுந்தது உண்மை. அது என் தவறு. ஐம்பத்தொன்பது வயதுக்கு மேல் உபவாசக் கட்டாயம் இல்லை. ஆனால் கன்னியர் மடத்தில் படித்தவள் சலுகை கேட்பதா என்று இருந்துவிட்டேன். ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு சாப்பாடு என்ற விதியை, ஏற்கெனவே குறைத்திருந்த என் அளவை முழுச் சாப்பாடாக வைத்துக் கணக்கிட்டேன். குறைத்ததை மறுபடி குறைத்தால் என்ன ஆகும்? சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றவள் தரையை முத்தமிட்டேன். மோனிகா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் திட்டிய திட்டை உனக்கு எழுதமாட்டேன். இனி அப்படி நடக்காது.

அதை வைத்துக்கொண்டு நீ எனக்கு முதியோர் இல்லத்துப் படங்களை அனுப்பியிருக்கிறாய். கூடவே நான்கு வரி, அதில் இரண்டு எழுத்துப்பிழை. என் மனநிலையைச் சோதிக்க யாரோ வருவார்களாம். வரட்டும், நாற்காலி போடுகிறேன். அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏரி இருக்கிறது, பியானோ இருக்கிறது. ஒரு கட்டில்தான் இருக்கிறது. உன் தங்கை எங்கே படுப்பாள்?

மோனிகாவுக்கு நாற்பத்தைந்து வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த அவளைப் போன்ற பிள்ளைகள் இப்போது அறுபது வயதுவரைகூட இருக்கிறார்கள் என்று அவளுடைய டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். அவளுக்கு அறுபது ஆகும்போது எனக்கு எண்பத்தொன்பது. உன் அப்பாவுக்கு எழுபத்தொன்றில், நான் சமைத்த சாப்பாட்டின் முன்னாலேயே உயிர் போனது. அடக்கம் முடிந்த அன்று, எனக்குப் பின் மோனிகாவை என்ன செய்வது என்று உன்னைக் கேட்டேன். "அதை அப்புறம் பேசிக்கலாம்மா," என்றாய். நீயாகப் பேசுவாய் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். அதன் பிறகுதான் சமையலறைத் தராசு வாங்கினேன்.

ஆகவே நான் என்ன சாப்பிட்டேன் என்று இனி கேட்காதே. நான் கேட்பதற்குப் பதில் சொல். எனக்குப் பின் மோனிகாவை உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா? சரி என்றால் அன்றைக்கே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையும் சொல், உன்னைச் சபிக்கமாட்டேன். நான் இன்னும் எத்தனை நாள் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். பதிலை உன் கையால் காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு.

உன் அம்மா,
பெர்னிஸ்