விசிறியில் எழுதிய வாக்கு

ஹார்ப்பர்ஸ் மில், அலபாமா
9 ஆகஸ்ட் 1984

மதிப்பும் அன்பும் நிறைந்த ஜட்ஜம்மா அவர்களுக்கு,

இருபத்தாறு வருடம் உங்கள் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்த ஒடெல்லா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? டெட்ராய்ட்டில் மகள் உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறாளாமே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பேச்சுகளைப் புத்தகமாகப் போடவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவை இருக்கும் பதினொரு பெட்டிகளையும் கொளுத்திவிடு என்று எழுத எப்படி மனம் வந்தது? 1953இல் வக்கீலாக இருந்தபோது ஐசையாவுக்காக நம் சபை ஆலயத்தில் பேசியதைச் சேர்த்தால் அவமானம், சேர்க்காவிட்டால் பொய் என்கிறீர்கள். மகனை வீட்டுக்குக் கூட்டி வருவேன் என்று எல்லார் முன்னாலும் அவன் தாய்க்கு வாக்குக் கொடுத்தீர்கள். வழக்கு தோற்றது. மின்சார நாற்காலியில் அவன் உயிர் போனது. முப்பத்தொரு வருடமாக அந்த வாக்கு உங்களைத் தின்கிறது. எனக்குத் தெரியாதா?

அந்தப் பேச்சு தொலைந்துவிட்டது என்றுதானே இருந்தோம்? தொலையவில்லை. ஷெரீப்பின் ஆட்கள் வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்று, சவப்பெட்டிக் கடைக்காரர் சபைக்குக் கொடுத்த அட்டை விசிறியின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதி எடுத்துப் போனீர்கள். பேசி முடித்து மேடையிலேயே வைத்துவிட்டீர்கள். எதுவும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் தவித்துப்போகிற, ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் நம் கிளெம் அண்ணன், அதையும் மற்ற விசிறிகளோடு பெஞ்சில் செருகிவிட்டார். மறு ஞாயிறு வெக்கையில் அதை எடுத்து விசிறிக்கொண்டவர் ஐசையாவின் அம்மா ரொசெட்டா.

செவ்வாய்க்கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். எண்பத்தாறு வயது, வாய் மட்டும் குறையவே இல்லை. நீங்கள் கொளுத்தச் சொன்னதைச் சொன்னேன்.

"அவளுக்கென்ன கிறுக்கா? இந்த ஊரு வெள்ளக்காரக் கோர்ட்டுல என் புள்ளைய எவனாவது மரியாதையா கூப்ட்டிருக்கானா? 'டேய் பயலே'தான். 'மிஸ்டர் ஐசையா பூன்'னு சொன்ன மொத ஆளு அவதான். இந்தா, நீயே பாரு, ஒரு எடத்துலகூட வெறும் பேரு இல்ல" என்று விசிறியை நீட்டினார்.

அந்த விசிறியைச் சிறைக்கும் கொண்டுபோனாராம். வெக்கைக்குத்தானே என்று காவல்காரர்களும் விட்டுவிட்டார்களாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மெல்லப் படித்துக் காட்டியிருக்கிறார். "இன்னொருக்கா படிம்மா" என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"கடேசி நாள் காவக்காரன் 'டேய், எந்திரி'ன்னானாம். 'என் பேரு மிஸ்டர் பூன்'னு சொல்லிட்டு எந்திரிச்சானாம். கூட இருந்த போதகரு வந்து சொன்னாரு. வீட்டுக்கு வரலதான், அதுக்கு அவ என்ன பண்ணுவா? என் புள்ள மனுஷனாப் போனான். அவ மேல எனக்கு ஒரே ஒரு கோவம், அன்னிலேருந்து ஊர விட்டுப் போறவரைக்கும் என் தெருவுப் பக்கமே வராம சுத்திக்கிட்டுப் போனா பாரு, அதுக்குத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது ஜட்ஜம்மா. விசிறியைத் தர மாட்டாராம், தன் சவப்பெட்டிக்குள் அதையும் வைக்க வேண்டுமாம். அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் பிரதி எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கும் அதில் அப்படியே இருக்கிறது. புத்தகத்தில் இதுதான் முதலில் வர வேண்டும்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். இந்த மாதம் முடிவதற்குள் உங்களைக் கூட்டி வருகிறேன் என்று ரொசெட்டாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், உங்களைக் கேட்காமலே. இனி நானும் உங்களைப் போல அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்துவிடாதீர்கள்.

கர்த்தர் உங்கள் முழங்காலுக்குப் பலம் தரட்டும். ரொசெட்டா வீட்டு வாசலில் மூன்று படிதான்.

என்றும் உங்கள்,
ஒடெல்லா