நீங்கள் போன மறுவாரம் வந்த மோட்டார்

அண்ணா,

இன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சல் காதில் அறைந்தது. குழாயோடு பூட்டிய மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் நான் கேட்டும் கிடைக்காததை, நீங்கள் இறந்த மறுவாரமே வாங்கிவிட்டார்கள்.

சாயம் போகாமல் நிற்க வைக்கும் கெமிக்கலைப் பெரிய தொட்டியில் காய்ச்சாமல், குழாயில் ஓடவிட்டே தயாரிப்பதில் முதலாளிக்குப் பெருமை. இரண்டு திரவங்கள் ஒரு முனையில் ஏறி, ஓடும்போதே வினைபுரிந்து, மறுமுனையில் சரக்காக இறங்க வேண்டும். நடுவில் உப்புப் படிந்து அடைக்கும். நீங்கள் மரக் கொட்டாப்புளியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே நடப்பீர்கள்.

மச்சினன் கல்யாணத்துக்கு நீங்கள் போன இரண்டு நாளும் சரக்கு அரைகுறையாக வந்தது. சாம்பிள் எடுத்து லேபில் அளந்தேன். உங்கள் தட்டலில் அடைப்பு விலகியது மட்டுமல்ல. திரவங்கள் நன்றாகக் கலந்து வினையே வேகமாக நடந்தது. நீங்கள் திரும்பியதும் ஓடிவந்து சொன்னேன்.

"ஏனுங்க மேடம், அப்ப நானும் ஒரு கெமிக்கலுங்களா?" என்று சிரித்தீர்கள்.

அதிர்வு மோட்டார் வேண்டும் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அதில் முதலாளிக்குக் கண்ணில் பட்டது ஒரே வரி: தட்டுவது நின்றால் சரக்கு கெடும்.

"தட்டறதுக்குத்தான் ஆளிருக்குதுங்களே, மோட்டார் எதுக்குங்க?"

அன்றோடு உங்கள் லீவு போயிற்று. காய்ச்சலில் படுத்தால்கூட வண்டி அனுப்பினார்கள். குழாயில் கசியும் கெமிக்கல் புகையில் நின்று கடைசிவரை இருமினீர்கள். "லீவு கேட்டா உங்க ரிப்போர்ட்டத்தான் எடுத்து நீட்டறாருங்க" என்றீர்கள், ஏதோ வேடிக்கை சொல்வதுபோல. அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம். ஒருநாளாவது கத்தியிருக்கக் கூடாதா? நீங்கள் கத்தவில்லை, சரி. எழுதிய நான் ஏன் கத்தவில்லை?

துக்க வீட்டில் முதலாளி உங்கள் மனைவியிடம், "அவராட்ட ஆளு இனிக் கெடைக்காதுங்க" என்று கண்ணைத் துடைத்தார். உண்மைதான். அந்தப் புகையில் நிற்க யாரும் வரவில்லை. அதனால்தான் மோட்டார்.

இப்போது குழாயில் ஏற்றும் திரவத்துக்காகப் பவுடர் கரைக்கும் தொட்டியில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடுப்பால் கிளறுகிறாள். அவள் கிளறினால் பவுடர் கட்டியாகாமல் கரைந்து, குழாய் நிற்காமல் ஓடுகிறது. எவ்வளவு வித்தியாசம் என்று அளந்துவிட்டேன். நேற்று முதலாளி கேட்டார்: "ரிசல்ட் என்னாச்சுங்க?"

"கிளற மெஷின் வரட்டுங்க. அப்புறம் தர்றனுங்க" என்றேன்.

"ரிசல்ட் பாக்காம எப்படிங்க மெஷின் வாங்கறது?"

"அப்படித்தானுங்க வாங்கோணும்."

முகம் கறுத்தது. வேலை போனால் போகட்டும். அளந்த கணக்கைக் கம்பெனி நோட்டில் எழுதவில்லை, எங்கும் எழுதவில்லை. மனதில்தான் வைத்திருக்கிறேன். இந்த மடலிலும் எழுதமாட்டேன்.