மச்சினன் விதை

அருப்புக்கோட்டை,
14.12.1986

அன்புள்ள பூமிநாதா,

நான் நலம். எழுதப்போகும் செய்தி நலமன்று. தீவனத்துக்காக உன் அக்காள் கணவர் வெள்ளத்துரைக்கு நீ அனுப்பிய, உன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் காமாக் கதிர் பாய்ச்சிய சோள விதை பரளச்சியில் நன்றாகவே முளைத்தது. மழை நின்று இருபது நாளாகிறது. முழங்கால் உயரத்தில் வாடி நின்ற அப்பயிரை நேற்று மேய்ந்த உழவு மாடுகள் இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் இறந்தன. 'கரண்டு வச்ச விதை' என்று ஊரார் கலெக்டருக்கு மனு எழுதுகிறார்கள்.

அலுவலக அனுமதியின்றி நீ விதை கொடுத்தது வெளிப்பட்டால் வேலை போகும். ஆகவே இங்கே வராதே. அக்காவுக்கும் ஒரு வரி எழுதாதே. வக்கீலாகச் சொல்கிறேன், நீ தெரிவிக்கும் வருத்தம் குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படும். சோதனைக்கு அப்பயிரின் இலைகளையும் பக்கத்துப் புஞ்சை நாட்டுச் சோள இலைகளையும் தனியே அனுப்பியுள்ளேன்.

உன் நலம் நாடும்,
சங்கையா

பம்பாய்,
8.1.1987

அன்புள்ள சங்கையா,

என் பயிரிலும் பக்கத்துப் புஞ்சை நாட்டுச் சோளத்திலும் நஞ்சு ஒரே அளவு. இளஞ்சோளம் வாடினால் நஞ்சேறும். கதிர் பாய்ச்சியதால் அது வரவில்லை, போகவுமில்லை. வாடிய சோளத்தில் நம் பக்கத்தில் எவரும் மாட்டை விடமாட்டார்களே, அத்தான் எப்படி விட்டார்?

ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன். உன் கடிதம் கண்டு ரத்து செய்தேன்.

பூமிநாதன்

அருப்புக்கோட்டை,
20.3.1987

அன்புள்ள பூமிநாதா,

மனு போகவில்லை. தடுத்தவர் உன் அத்தானே. நேற்று திருச்சுழி தாலுகா ஆபீசில் அவரைக் கண்டு சோதனை முடிவைச் சொன்னேன்.

"ஊருச் சோளமா இருந்தா அவுத்தே விட்டிருக்க மாட்டேன், வக்கீலய்யா. மச்சினன் குடுத்ததுன்னு நம்பி விட்டேன். போனது போகட்டும். உழவு மாடு செத்தா அசலூர்க்காரனே துக்கத்துக்குத் துட்டி கேக்க வாரான். இவன் மூணு மாசமா எட்டிப் பாக்கல. அவன் அக்கா தெருவையே பாத்துட்டுக் கெடக்கா."

என் ஆலோசனைப்படியே நீ வரவில்லை என்றேன்.

"அக்கா வீட்டுக்கு வாரதுக்கு வக்கீலக் கேப்பானா?"

என் ஆலோசனை சட்டப்படி சரியானதே. இன்றும் அவ்வாறே கருதுகிறேன். ஆயினும், உடனே புறப்பட்டு வா.

சங்கையா

பம்பாய்,
19.4.1987

அன்புள்ள சங்கையா,

சென்ற வாரம் பரளச்சிக்குப் போய்வந்தேன். அருப்புக்கோட்டையில்தான் பஸ் மாறினேன். உன் வீட்டுப் பக்கம் வர மனமில்லை. உன்மேல் குற்றமில்லை. நீ சொன்னாய்; கேட்டு நடந்தவன் நான். இனி நீ எனக்கு எழுத வேண்டாம்.

அத்தான் 'வாங்க' என்றதோடு காட்டுக்குப் போய்விட்டார். அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. சாப்பிடச் சொல்வாள் என்று மூன்று மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே வாசலுக்கு வந்தாள்.

"நாலு மணி பஸ்ஸ விட்டா வேற வண்டி இல்ல, தம்பி."

பூமிநாதன்