வாசல்களைக் கேட்டவளுக்கு

இன்று காலை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் தார் போட்டார்கள். மழைக்கு முன் வழக்கமாகப் போடுவதுதான். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் பரப்பி உருளையை ஓட்டினார்கள். மூன்றாம் மாடி சமையலறை வரை அந்த வாசனை ஏறி வந்தது. புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் பால்கனிக்குப் போய், எதிரே இருக்கும் மருந்துக்கடையின் படியைப் பார்த்தேன். சாலை ஏற ஏற மற்றவை புதைந்து, ஒரு படி மட்டும் மிச்சம் இருந்தது. தார் போடும்போது சாலையைப் பார்க்காமல் படியைப் பார்க்க என்னைப் பழக்கியவள் நீ. நீ இல்லாமல் வரப்போகிற இரண்டாவது மழை இது.

மாதுங்காவில் நம் கல்லூரி வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாம் இருவர்தான். நான் ரயில்வே ஊழியர் குடும்பம், நீ தாராவி. முதல் நாள் கேன்டீனில் நான் ஏதோ கேட்டதற்கு, “ஏட்டி, இப்படியேவா வீட்டுலயும் பேசுவிய? நான் ரேடியோல சேதி வாசிக்கியோன்னு நெனச்சேன்” என்றாய். எனக்குக் கோபம் வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து சிவில் பொறியியல் பாடங்களைச் சேர்ந்தே படித்தோம்.

பிறகு நான் செம்பூரில் பாலங்கள் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். நீ தேர்வெழுதி மாநில அரசுப் பணிக்குப் போனாய். உள்ளூர்ச் சாலை, சிறு பாலம் எதற்கும் மாநிலப் பணம் வருமானால், அதன் வரைபடத்தை உன் அலுவலகம் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். என் வரைபடங்களும் சில உன் மேசைக்கு வந்தன. அதற்காக நீ ஒரு விதி வைத்திருந்தாய். என் கோப்பு உன் மேசையில் இருக்கும் நாட்களில் நீ எனக்குப் போன் செய்ய மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவோம், மாமியார்களைப் பற்றிப் பேசுவோம். கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. திங்கட்கிழமை உன் அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்து விழும்.

செம்பூரை ஒட்டிய நாலாவின், அந்தப் பெரிய சாக்கடை ஓடையின், பாலமும் அப்படித்தான் வந்தது. பழைய கல்பாலம் குறுகலாகவும் தாழ்வாகவும் இருந்தது, வண்டி போகாது, குப்பை அடைத்துக்கொள்ளும். கனத்த மழையும் கடலேற்றமும் சேர்ந்தால் நாலா பொங்கும். நான் புதுப் பாலத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தேன். கணக்கில் குறையில்லை. மழைக்கு முன் வேலை தொடங்க வேண்டும் என்று என் நிறுவனத்தில் அவசரம். நீ ஒரே ஒரு குறிப்புடன் திருப்பி அனுப்பினாய்: இருபுற வீடுகளின் வாசற்படி மட்டத்தைக் காட்டவும்.

விதியை மீறி நான்தான் போன் செய்தேன்.

“விளையாடறியா? பாலம் வெள்ளத்துக்கு மேலதானடி இருக்கு?”

“பாலம் இருக்குட்டி. வீடு?”

“வீடெல்லாம் போட்டிருக்கேன், பாரு.”

“பாத்தேன். வரிசையா கோடு போட்டு வச்சிருக்க. ஒரு கதவு கெடையாது. சனங்க ஓட்டைப் பிரிச்சா உள்ள எறங்குவாங்க?” என்றாய். சிரிக்காமல், “இனி எழுத்துல குடு” என்று வைத்துவிட்டாய்.

அந்தக் கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை. பாலம் உயர்ந்தால் அதற்கு ஏறும் சாலையும் இருபுறமும் சரிவாக உயரும். சரிவை ஒட்டிய வீடுகள் பள்ளத்தில் போகும். நாலா பொங்காவிட்டாலும், சாலையில் விழுகிற மழையெல்லாம் அந்தக் கதவுகளைத் தேடிப் போகும். நாங்கள் பாலத்துக்கு மட்டம் எடுத்தோம், நாலாவுக்கு எடுத்தோம். வாசற்படிக்கு எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

மட்டம் எடுக்கும் நாளில் நீயும் வந்தாய். சரிவு தொடங்கும் இடத்தில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பேச்சியம்மாளின் வீடு. கதவை ஒட்டியே தையல் எந்திரங்கள், அவற்றின் மோட்டார்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

“என்னத்த அளக்குதிய?” என்றாள்.

“ஒங்க வாசப்படியக்கா. ரோடு ஒசந்தா தண்ணி உள்ள வருமான்னு பாக்கோம்” என்றாய்.

தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. “நம்ம பக்கத்துப் பிள்ளயா நீ? நல்லதாப் போச்சு. படிய அளந்தது போதும், பாலத்தச் சுருக்காப் போடு. டெம்போ இங்கன வராம, ஒவ்வொரு மூட்டையையும் தலையில தூக்கி அந்தக் கரைக்குப் போறோம்.”

அவளுக்குப் பாலம் உடனே வேண்டும். என் வரைபடப்படி உடனே வந்தால் அவள் மோட்டார்கள் முதல் மழையிலேயே முழுகும். அளவைப் பார்த்த பிறகு எனக்கும் அது தெரிந்துவிட்டது.

வழி கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. வழக்கமாகப் பாலத்தைத் தாங்கும் உத்தரங்கள் சாலைக்கு அடியில் இருக்கும், உயரமெல்லாம் அதனால்தான். அவற்றை இரண்டு ஓரங்களிலும் கைப்பிடிச் சுவர்போல மேலே நிறுத்தி, நடுவில் மெல்லிய தளத்தைப் போட்டால், அடியில் தண்ணீருக்கும் இடம் கிடைக்கும், சாலையும் உயராது. ரயில் பாலங்களில் உள்ள முறைதான். ஆனால் உங்கள் துறையின் வழக்கமான வரைபடங்களில் அது இல்லை. வெளியிலிருந்து ஒரு வல்லுநர் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று நீ எழுதினாய். சிநேகிதியின் கணக்கு என்பதால் அதில் ஒரு பக்கத்தைக்கூட நீ விடவில்லை. நான் எதிர்பார்த்த மழைக்காலம் கடந்து போயிற்று. “ஒரு கதவுக்காகவா பாலத்தை நிறுத்தி வச்சிருக்கீங்க?” என்று உன் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மராத்தியில் கேட்டாராம். ஒரு கதவு இல்லை, வரிசையாக இருக்கிறது என்று பதில் சொன்னாயாம்.

அந்த வருடம் மழை ஓய்ந்த பிறகு இருவரும் அங்கே போனபோது பேச்சியம்மாள் உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு ஒப்பம் போட ஒரு வருசமா? நான் ஒரு வருசம் கழிச்சுப் பை தச்சுக் குடுத்தா எவன் வாங்குவான்? பிள்ளைக படிச்சு முடிச்சு வேலைக்கே போயிருக்கும். நம்ம பிள்ளன்னு நெனச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்தார்கள். காரணத்தைச் சொல் என்று உன் முழங்கையை இடித்தேன். நீ அவள் முடிக்கும் வரை நின்று கேட்டாய். “வாரேன்க்கா” என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாய். ஏன் சொல்லவில்லை என்று ஆட்டோவில் கேட்டேன்.

“அவ சொல்லுறதுல என்னட்டி தப்பு? மூட்டை சொமக்கிறது அவதான?” என்றாய். “அன்னைக்கே ஒப்பம் போட்டிருந்தா மழைக்கு மழை ஏசுவா. இப்ப ஒரு வருசத்தோட போச்சு. ஏச்சு வாங்குனா ஒடம்பு ஒண்ணும் தேஞ்சிராது.”

உடம்பு தேய்ந்தது வேறு காரணத்தால். ஒப்பமிட்ட சில மாதங்களில் பரேல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையத் தொடங்கினாய். நாலாவில் தூண்கள் எழுந்தபோது போனில் படம் காட்டினேன். தளம் போட்டதைக் காட்டியபோது நீ பாலத்தைப் பார்க்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் பாதி தெரிந்த ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். டெம்போ போகும் படத்தை எடுத்தபோது காட்ட நீ இல்லை.

போன ஆடியில், கடலேற்றமும் பெருமழையும் சேர்ந்து வந்த ஒரு நாள், பாலத்தைப் பார்க்க நான் அங்கே போனேன். நாலா சேற்று நிறத்தில் நிரம்பி, தளத்துக்கு அடியில் தடையில்லாமல் ஓடியது. சாலைத் தண்ணீர் வாசற்படிகளுக்குக் கீழேயே வழிந்து நாலாவில் விழுந்தது. பேச்சியம்மாளின் எந்திரம் ஓடும் சத்தம் மழையிலும் கேட்டது.

என்னைப் பார்த்ததும், “அந்த அம்மா வரலியா?” என்றாள். “கூட்டிட்டு வாங்க. நல்லா ஏசிப்புட்டேன். ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டுப் போகட்டும்.”

நீ போய்விட்டதைச் சொன்னேன். எந்திரத்தை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த பையை நூலறுத்து எடுத்து மடித்து வைத்தாள்.

“அவுக அம்மை இருக்காவளா?”

“இருக்காங்க. தாராவியில.”

எழுந்து விளக்கை அணைத்தாள். சேலையை மாற்றி வந்து கதவைப் பூட்டினாள். மழை விடட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “துட்டி கேக்கப் போறதுக்கு மழை பாப்பாகளா?” என்றாள். எங்கே போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, “நம்ம பாலத்துப் பிள்ள தவறிட்டு. அவுக அம்மையப் பாத்துட்டு வாரேன்” என்று நடந்தாள். தாராவி வீட்டில் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, ஒப்பம், வருடம் எதையும் பேசவில்லை. “எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல, மைனி” என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள்.

இப்போது பாண்டுப்பில் ஒரு சிறு பாலம் என் கையில் இருக்கிறது. கதவுகளுக்கு மட்டம் எடுத்து முடியும் வரை வரைபடத்தை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் முகம் சுளிக்கிறார்கள். போன வாரம் இடத்தைப் பார்க்கப் போனபோது ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, என்னை நடுத்தெருவில் நிறுத்தி ஹிந்தியில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். போன மழைக்கே தருவதாகச் சொன்ன பாலம் எங்கே, ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தச் சேற்றைப் பற்றி என்ன தெரியும் என்றாள். பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டேன். பிறகு, அவள் வீட்டு வாசல் எது என்று கேட்டேன்.