ஊசிக்கு முன் ஒரு கேள்வி

மார்ச் 9, செவ்வாய்

இன்று ஒரு பொடியன் கேட்டது: "ஊசிக்கு வலிக்குமா?" அவனுக்கு இல்லையாம், ஊசிக்கு.

என் கிளினிக்கில் இது சட்டம். பஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுவேன். அது ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சொல்லி முடிக்கும்வரை ஊசி தோலைத் தொடாது. நர்ஸம்மாவுக்கு இதில் ஏகக் கடுப்பு. "வரிசை வாசல் வரைக்கும் நிக்குது டாக்டர். இதுங்க என்னடான்னா பேட்டி எடுத்துட்டு இருக்குதுங்க." நிற்கட்டுமே. கேட்டதற்குப் பதில் கிடைத்த குழந்தை கையை இழுப்பதில்லை. ஊசிக்கு வலிக்காது, ரொம்ப வெட்கம், அதனால்தான் உள்ளே போனதும் ஓடி வந்துவிடுகிறது என்றேன். பொடியன் திருப்தியாகக் கையை நீட்டினான்.

மாலையில் டிவி விவாதம். சுவரில் இருக்கும் யானைப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இதே அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். தொகுப்பாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சூடு'. "இன்னும் கொஞ்சம் சூடா பேசுங்க மேடம்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது. எதிரே வழக்கம்போல மண் நிபுணர். மண்ணை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், இப்போது பரவும் தொற்றுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "மருத்துவம் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க சார்?" என்று கேட்டேன். ஆள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பரம சந்தோஷம்.

மார்ச் 14, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் பேருந்து ஓட்டுகிறவர், அடுத்த வாரம் ஓட்டுநர்களுக்கெல்லாம் ஊசி. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "சின்னக்குட்டி, ஒண்ணு கேக்கணும்..." என்று ஆரம்பித்தார். அக்கா கல்யாணத்தின்போது நான் இரட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடத்துப் பெண். அவருக்கு இன்னும் அதேதான்.

"முதல்ல போட்டுக்கங்க அத்தான், அப்புறமா ஆற அமரக் கேளுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அக்காவிடம், "உனக்குச் சர்க்கரை இருக்கு, நீதான் முதல் ஆளா போகணும்" என்றால், "ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கறோம், என்ன அவசரம்?" என்கிறாள். இந்த வயதில் ஜோடி போட்டுக்கொண்டு ஊசிக்குப் போகிறார்களாம்! சூடு கூப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 18, வியாழன்

மண் நிபுணர் இன்று திருப்பிக் கொடுத்தார். "மேடம் யாருன்னு நேயர்களுக்குத் தெரியணும் இல்லையா? குழந்தைங்களுக்குச் சளி மருந்து எழுதிக் கொடுக்கறவங்க. தொற்றுநோயைப் பத்திப் பேச இவங்க மட்டும் எங்க படிச்சாங்க?" சுருக்கென்றது. பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் சூடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நேயர் ஒருவர் எழுதி அனுப்பியதை வாசித்தார்:

"நான் பஸ் டிரைவர். என் வண்டி கண்டக்டருக்கு டெஸ்ட்ல 'இல்லை'ன்னு வந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. டெஸ்டே தப்பாகும்னா ஊசியை எப்படிம்மா நம்பறது?"

மண் நிபுணருக்கு வைத்திருந்ததை டிரைவர் தலையில் இறக்கினேன். "கிளட்சை எப்ப மிதிக்கணும்னு நான் வந்து உங்களுக்குச் சொல்றேனா? அப்புறம் ஊசியைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க? நீங்க வண்டியைப் பாருங்க, உடம்பை எங்ககிட்ட விடுங்க."

சூடு விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 20, சனி

அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கு 'கிளட்ச் டாக்டர்' என்று பெயர். கூடப் படித்தவர்கள் வரிசையாகக் கூப்பிட்டு, "மூக்கை உடைச்சிட்டே போ!" என்கிறார்கள். யார் மூக்கை என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, புதன்

அத்தான் ஊசி போடப் போகவில்லையாம். போனில் அக்கா, "மனசு சரியில்லைங்கறார், விடேன்" என்றாள். ஊசிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 27, சனி

அக்கா கிளினிக்குக்கே வந்துவிட்டாள். குழந்தைகளோடு குழந்தையாக வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் உள்ளே வந்தாள்.

"அந்த டிரைவர் உங்க அத்தான்தான்டி."

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். நானே கேட்டேன் அதையும்!

"கேட்டாரே. அன்னிக்குச் சாப்பிட வந்தப்போ வாயைத் திறந்தாரே. வீட்டு ஆளுங்க கேட்டா நீ முழுசாக் காது கொடுக்கமாட்டே. டிவியில யாரோ ஒருத்தர் மாதிரி கேட்டா ஒழுங்காச் சொல்லுவேன்னு நெனச்சிருக்காரு."

அப்புறம் சொன்னாள்: "டிப்போவுல அதைப் போட்டுப் போட்டுப் பாக்கறாங்களாம். இவர்னு யாருக்கும் தெரியாது. இவரும் கூட நின்னு சிரிச்சிட்டு வந்திருக்காரு. வீட்டுக்கு வந்து சாப்பிடல."

ஊசி போடுகிற இடத்துக்கு உன்னையாவது இப்போதே கூட்டிப்போகிறேன், கிளம்பு என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "இப்பப் போய் நான் மட்டும் போட்டுக்கிட்டா, நானும் உன்னோட சேர்ந்துக்கிட்டு அவரைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி ஆயிடும். கொஞ்சம் ஆறட்டும்."

மார்ச் 28, ஞாயிறு

போனேன். அத்தான் வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, டிவின்னா அப்படித்தான்" என்றார். 'அம்மா'வாம். சின்னக்குட்டி எங்கே போனாள்? டிவியில் நேரம் கிடைக்காது அத்தான், ஒரு வரியில் சொல்லச் சொல்வார்கள் என்றெல்லாம் என் பக்கத்து நியாயத்தை விளக்கினேன். சீக்கிரம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டே அடுத்த ஷூவை எடுத்தார்.

திரும்பி வந்து இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. மன்னிப்புக் கேட்டேன், நியாயம் பேசினேன், உத்தரவு போட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நாளை போய்ச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3, சனி

போகவில்லை. கிளினிக்கில் தலைக்கு மேல் வேலை. நடுவில் சூடு வேறு சிறப்பு நிகழ்ச்சி என்று பிடித்துக்கொண்டார். அதற்கு நேரம் இருந்தது.

ஏப்ரல் 8, வியாழன்

அத்தானுக்குக் காய்ச்சல். இந்த முறை டெஸ்டில் 'இருக்கிறது' என்றே வந்துவிட்டது.

ஏப்ரல் 11, ஞாயிறு

அக்காவுக்கும்.

ஏப்ரல் 16, வெள்ளி

அத்தான் தேறிவிட்டார். அக்கா ஆக்சிஜனில். டாக்டர் என்ற முறையில் கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போகக் கெஞ்சி அனுமதி வாங்கினேன். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். "அவரு சாப்பிட்டாரான்னு பாரு."

எழுத முடியல. ஏன்டி நீ மட்டும் போட்டுக்கல? ஏன் நான் அன்னிக்கே உன்னை இழுத்துட்டுப் போகல? — இழுத்தா வருவாளா? அவர் வந்திருந்தா வந்திருப்பா. அவர் ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 21, புதன்

அக்கா போய்விட்டாள்.

மே 5, புதன்

சூடு கூப்பிட்டார். துக்கம் விசாரித்த கையோடு, "நீங்க இப்ப வந்து பேசினா ஜனங்க மனசுல நிக்கும் மேடம்" என்றார். இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்றேன். நாளெல்லாம் மண் நிபுணரைத் திட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் அந்த ஆளால் வந்தது என்று. அவரால் கெட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அத்தான் அவரிடம் கேட்கவில்லையே. ஊசி வேண்டாம் என்றும் சொல்லவில்லையே. என்னிடம் கேட்டார்.

யானைப் படத்தை மறுபடி மாட்டிவிட்டேன்.

ஜூலை 13, செவ்வாய்

பெரியவர்களுக்கும் ஊசி போட எங்கள் கிளினிக்குக்கு அனுமதி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று வரிசையில் அத்தான். ஃபோன்கூடப் பண்ணாமல் வந்து, குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார்.

முறை வந்தது. "வணக்கம் டாக்டர்" என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இங்க ஊசிக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கலாம் அத்தான்."

யானைப் படத்தைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. நர்ஸம்மா தானே போய் வரிசையைப் பார்த்துக்கொண்டார்.

"அதே கேள்விதான்" என்றார்.

சொன்னேன். டெஸ்ட், அன்றைக்கு மூக்கில் கிருமி அகப்படுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கிருமி பெருகுவதற்கு முன்பே எடுத்தால் 'இல்லை' என்றுதான் வரும். கண்டக்டருக்கு அப்படித்தான் ஆகியிருக்கும். ஊசியின் வேலை வேறு. கிருமி வந்தால் எப்படி எதிர்ப்பது என்று உடம்புக்கு முன்கூட்டியே பழக்கிவிடுகிறது. போட்ட பிறகும் நோய் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரி வரைக்கும், உயிர் வரைக்கும் போவது ரொம்பக் குறைந்துவிடும். ஒன்று தப்பினால் மற்றதும் தப்பும் என்று அர்த்தமில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். கோபமே இல்லை குரலில். "இதைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்போமே, சின்னக்குட்டி."

ஊசி போட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். அடுத்த குழந்தையைக் கூப்பிடும்போது கதவு வழியாகப் பார்த்தேன். அத்தான் பெஞ்சின் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.