அளவு ஜாக்கெட்

காஞ்சிபுரம்
2 செப்டம்பர் 2024

அன்பு மங்கைக்கு,

இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாய். அதோடு, இது யார் கைக்கும் தாவிப் போகக் கூடாத விஷயம்.

ஆவணி பிறந்தும் இங்கே புழுக்கம் விடவில்லை. பெருந்தேவிக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. என் தோளை எட்டிவிட்டாள், வாயும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

நவராத்திரி நிகழ்ச்சிக்கான நாட்டிய உடைகள் தைத்து வந்துவிட்டன. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர், நம் பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த பட்டு. தேவி போட்டுக்காட்டினாள். தோளில், இடுப்பில், எங்கேயும் துளி தளர்வில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கு மட்டும் அந்தப் பொருத்தமே உறுத்திற்று. அளவு ஜாக்கெட் கேட்காமல் எந்தத் தையல்காரர் தைக்கிறார்? இவளுடைய பழைய ரவிக்கையை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

“அளவு யாருடி எடுத்தா?” என்றேன்.

“சார்தான்.”

“எங்கே?”

“உள் ரூம்ல. விடேன்மா.” சலங்கையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ராமானுஜைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. உன் தம்பியை அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து தெரியும். ஆனால் உங்கள் அப்பா பெயரில் அவன் நடத்தும் நாட்டியக் குழுவுக்கு நீதான் தலைவர். அளவெடுக்க ஒரு பெண் உதவியாளர் உண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லேன்.

உன்
கோதா


கோயம்புத்தூர்
8 செப்டம்பர் 2024

என் அருமைத் துப்பறியும் கோதாவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. உள்ளே படித்ததும் விடுதி ஞாபகம் வந்துவிட்டது. சாம்பாரில் சோடா உப்பு கலக்கிறார்கள் என்று வார்டனையே நிறுத்தி வைத்து விசாரித்தவள் அல்லவா நீ!

உடைகள் சென்னையில் தைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரவிக்கை வாங்கிச் சேர்த்து அனுப்புவது பெரிய தொல்லை என்று ராமானுஜே அளவெடுத்துவிடுகிறான். எதையும் பிறரிடம் விட்டால் அவனுக்குத் திருப்தி வராது, அப்பாவைப் போலவே. உள் அறையில் பெரிய கண்ணாடி இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் அவனுக்குச் சொந்தப் பெண்கள் மாதிரி.

உனக்கு வேலை குறைவு, யோசனை அதிகம். பெருமாள் சேவித்துவிட்டு நன்றாகச் சாப்பிடு. தேவியின் படம் அனுப்பு.

பிரியமுள்ள
மங்கை


காஞ்சிபுரம்
18 செப்டம்பர் 2024

அன்பு மங்கை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். என் புத்தி அப்படித்தான் என்று இரண்டு நாள் நம்பவும் செய்தேன்.

பிறகு காலாண்டுத் தேர்வுக்காக நாட்டிய வகுப்பை நிறுத்தினார்கள். நல்லதாகப் போயிற்று, எந்தப் பெண்ணும் இப்போது அங்கே போவதில்லை. கடைசி வகுப்பன்று தேவியை அழைத்துவரப் போயிருந்தேன். பெண்கள் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்: “இன்னைக்கு டேப்பு யாருக்குடி?” கேட்டவள் சிரித்தாள், கேட்கப்பட்டவள் சிரிக்கவில்லை.

வழியெல்லாம் அந்த வார்த்தை என் கூடவே வந்தது. உடை தைத்து வீட்டுக்கே வந்தாயிற்று. இனி டேப்புக்கு என்ன வேலை?

தேவியிடம் கேட்டேன். கோபிக்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். “என்னை ஒரு தடவை கூப்பிட்டார். பிடிக்கலைன்னு அழுதேன், விட்டுட்டார்” என்றாள். அப்புறம், “அழாதவாளைத்தான் மறுபடி கூப்பிடுவார்” என்றாள்.

கீரைத்தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

அன்று வாசலில் சிரிக்காத பெண்ணின் அம்மாவையும் பார்த்துப் பேசினேன். பெயர் எழுதமாட்டேன், கேட்காதே. அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “டான்ஸ் நாளுன்னா வவுத்த வலிக்குதுன்னு அழுதுக்கினே இருக்குதும்மா. வயசுக்கு வரப்போவுதுன்னு நான் இருந்துட்டேன். வெளிய தெரிஞ்சா எம் பொண்ணு பேருதான கெடும்? சார் பேரா கெடப்போவுது?”

மங்கை, உன் ஒரு கையெழுத்து போதும். வகுப்பு மறுபடி தொடங்கும்போது ராமானுஜ் அங்கே இருக்கக் கூடாது. என்ன நடந்தது என்பதை, விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். தேவியை இனி நான் அனுப்பப்போவதில்லை. ஆனால் என் பெண்ணை மட்டும் நிறுத்திக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

உடனே எழுது.

கோதா


கோயம்புத்தூர்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள கோதாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அவனிடம் பேசினேன். உன் பெயரையோ தேவியையோ இழுக்கவில்லை. அளவெடுப்பது பற்றி ஒரு வீட்டில் குறை சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். “அக்கா, அந்த ஜெயப்ரியா சொல்றதை நம்பிண்டு நீ என்னைக் கேக்கறியா? முன் வரிசையில நிக்க வைக்கலைன்னு கோவம் அவளுக்கு” என்றான். அந்தக் குழந்தை ஜெயப்ரியாதான் என்று நீ எனக்கே சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷ சிநேகிதத்தில் என்னிடம் என்ன ஒளிவு?

இனி ஒரு பெண்மணி கூட இருப்பார், உள் அறைக் கதவு திறந்தே இருக்கும் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். நான் கேட்பதற்கு முன்பே அவனாகச் சொன்னான். நவராத்திரி முடியட்டும். பத்திரிகை அடித்தாயிற்று. அம்மா அவனோடு இருக்கிறாள், எண்பது வயது. நீ போகும் வழியில் போனால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். அந்தப் பெண்களின் எதிர்காலத்தையும் நினைத்துப் பார்.

நீ சொன்னால் ஜெயப்ரியாவின் அம்மா கேட்பாள். பொறுமையாக இருக்கச் சொல்.

மங்கை


காஞ்சிபுரம்
29 செப்டம்பர் 2024

மங்கை,

ஜெயப்ரியா என்ற பெயரை நான் உனக்கு எழுதவில்லை. நீ அவனிடம் சொல்லவில்லை. சொல்ல உனக்கே தெரியாது. வகுப்பும் நின்றிருந்தது, யார் வரவில்லை என்று பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. அத்தனை பெண்களில் அந்தப் பெயர் மட்டும் அவன் வாயில் எப்படி வந்தது?

உன் தம்பி நல்லவனாக இருந்து நான் அசடாகிப் போக வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் ஆசைப்பட்டேன். நீ என்னை ஆயுசுக்கும் கேலி செய்திருக்கலாம்.

பொறுமையாக இருக்கச் சொல்ல லோகாம்பாள் வீட்டுக்கு நான் போகவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொல்லத்தான் போனேன். அவள்தான் ஜெயப்ரியாவின் அம்மா. கேட்டுவிட்டு முந்தானையை உதறி எழுந்தாள். “எம் பொண்ண பொய்க்காரின்னானா? வாம்மா, போலாம்” என்றாள்.

குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு அவள் போனிலிருந்தே பேசினோம். நாளைக்கு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம். தேவியும் நடந்ததைச் சொல்கிறேன் என்கிறாள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சட்டப்படியே குற்றம். அது உனக்கும் பொருந்தும்.

உன் அம்மாவை நினைத்தால் எனக்கும் அழுகை வருகிறது. ஆனால் நவராத்திரி முடியும்வரை பொறுக்க என்னால் ஆகாது.

கோதா


கோயம்புத்தூர்
4 அக்டோபர் 2024

கோதா,

உன் கடிதத்தைப் படித்ததும் அவனுக்கு போன் செய்தேன். “நான் பெயரே சொல்லலையே, ஜெயப்ரியான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“நீதான் சொன்னே அக்கா” என்றான்.

“நான் சொல்லலை” என்றேன். அவன் மெதுவாகக் கேட்டான்: “வேற யாரெல்லாம் சொல்லியிருக்கா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

குழுவைக் கலைத்துவிட்டேன். நிகழ்ச்சி கிடையாது என்று எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. பெயர்களை மட்டும் எழுதவில்லை. அவன் பேசிய இரண்டு பேச்சையும் காவல் நிலையத்தில் சொல்வேன். கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். அம்மாவை இங்கே வரவழைத்துவிட்டேன். ஏன் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது போல உட்கார்ந்திருக்கிறாள்.

நீ செய்தது சரி. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இனி அவன் குரல்தான் கேட்கும். அதை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, கோதா. எனக்குக் கடிதம் எழுதாதே, போனும் செய்யாதே.

அடுத்த வாரக் கடைசியில் காஞ்சிபுரம் வருகிறேன். லோகாம்பாளிடம், நான் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டு, சரி என்றால் தேவியை விட்டு ஒரு வரி செய்தி அனுப்பச் சொல். அங்கே நான் வரும்போது நீ இருக்க வேண்டாம்.

மங்கை