டிரைவிங் ஸ்கூலின் முதல் பாடம்

பாப்பா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நாலு மணிக்கு வக்கீலம்மா வருவாங்க, குடிச்சதை மறைக்காதே. உனக்குப் பதினேழு வயசு, அதனால சிறார் கோர்ட். கார் என் பேர்ல இருக்கறதால என் மேலயும் கேஸ். நீ இடிச்ச பேப்பர்காரருக்கு இன்னும் நினைவு திரும்பலை.

"நான்தான் ஓட்டினேன்"னு அன்னிக்குப் பொய் சொன்னேன். "எங்க, டிரைவர் சீட்ல உக்காந்து காட்டுங்க"ன்னார் இன்ஸ்பெக்டர். முட்டி இடிச்சுது, உள்ளேயே நுழைய முடியலை. அந்த போதையிலயும் சீட்டை உன் உயரத்துக்கு முன்னால இழுத்திருக்கே. சீட்டையும் கண்ணாடியையும் சரிபண்ணு, அதுதான் நம்ம டிரைவிங் ஸ்கூல்ல நான் சொல்லித்தர்ற முதல் பாடம். அந்தப் பொய்யை ஒத்துக்கத்தான் இப்போ கோர்ட்டுக்குக் கிளம்பறேன்.

அப்பா

பி.கு.: இடிச்சதே தெரியலை, அதான் நிறுத்தாம வந்துட்டேன்னு சொன்னே, நானும் நம்பினேன். ஆனா பின்னால பாக்கற கண்ணாடியையும் நீ சரிபண்ணித்தான் வெச்சிருந்தே. கண்ணை மூடினா அதுதான் முன்னால வந்து நிக்குது. அவர் ரோட்டுல கிடந்ததை நீ பாத்திருக்கே, பாப்பா.